பழைய தண்டனையும் துப்பாக்கி உரிமமும்

குற்ற வழக்கில் தண்டனை பெற்று, அதை அனுபவித்தும் முடித்துவிட்ட ஒருவர் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால், அதற்கு முன் தன் பெயரிலுள்ள பழைய பதிவை அவர் அழித்தாக வேண்டுமா? முதலில் அதை அழிக்க வழி இருக்கிறதா? அமெரிக்கச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் விவகாரம் என்பதால் நமக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியலாம். சேர்வராயன் மலையிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியாது.

ஏற்காட்டுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கரடியூர் என்பது பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் ஒரு காட்சிமுனை. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது காப்பியும் மிளகும் பலாவும் விளையும் மேட்டுநிலம். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரளத்தோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், பேசுவது தமிழ்) துப்பாக்கி என்றால் பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கிதான். குழாயின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்துக் கம்பியால் கெட்டித்து, மேலே பால்ரஸ் குண்டுகளைப் போட்டு மறுபடியும் கெட்டிக்க வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுமுறைக்கு இத்தனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். உரிமமில்லாமல் இதை வைத்திருந்தால் அதுவே குற்றம். ஆகவே சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மலையூர்களில், இழந்த துப்பாக்கியைத் திரும்பப் பெறுவது எப்படி என்ற கேள்விக்கு முன்பாகவே, துப்பாக்கியால் வந்த வழக்கிலிருந்து மீள்வது எப்படி என்ற கேள்வி நிற்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

உரிமையா, சலுகையா

லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஆனால் அதன் விலக்குப் பட்டியலில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இருந்தார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பியைத் தொடர்ந்து இந்த மலையில் எஸ்டேட்டுகள் பரவியிருந்தன. ஆகச் சட்டப்படி எஸ்டேட் துரையின் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை, அடுத்த சரிவில் தினை விதைத்தவரின் துப்பாக்கிக்குத் தேவை. இன அடிப்படையிலான இந்த விலக்கு முதல் உலகப் போருக்குப் பிறகுதான் விலகியது.

இந்த அவமானத்துக்கு எதிர்வினையாகவே 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அப்படியொரு உரிமையை எழுதிவைத்தால் பழங்குற்றவாளிகளும் அதைக் கோருவார்கள், அரசால் தடுக்க முடியாமல் போகும் என்பது அவர் பதிலின் சாரம். நம்முடைய கேள்வி அரசமைப்பு விவாதத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்: ஆயுத உரிமை மறுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றாகத் தண்டனை பெற்றவர் வந்து நின்றார். ஒரு முரணையும் இங்கே குறிக்க வேண்டும். பிறப்பாலேயே மனிதரைக் குற்றவாளியாக்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம் 1952-இல்தான் நாடு முழுவதும் நீங்கியது. அதாவது யார் பழங்குற்றவாளி என்பதற்கே அன்று நியாயமான அளவுகோல் இருக்கவில்லை.

அன்று தோற்ற வாதம் பின்னர் ஒருமுறை உயிர்பெற்றது. உரிமத் துப்பாக்கிகள் மிக அதிகமாக உள்ள மாநிலம் உத்தரப் பிரதேசம், அதனால் வழக்குகளும் அங்கேதான் அதிகம். 1993-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, தடைசெய்யப்படாத வகைத் துப்பாக்கியை வைத்துக்கொள்வது அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றார். அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு பிறகு அதை ஏற்கவில்லை. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல என்று குறிப்பிட்டது. இன்றைக்கு நிலைபெற்றிருப்பது சலுகை என்னும் தரப்புதான்.

இந்தத் தரப்பின் பலவீனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. சலுகை என்றாலும் அதைத் தருவதற்கும் மறுப்பதற்கும் சட்டம் நிபந்தனை போட்டிருக்கிறது. அந்த நிபந்தனைகள் பழைய தண்டனையைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதை, சலுகை என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டதுமே பலரும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஐந்தாண்டு

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9-ஆவது பிரிவைப் படித்தால் முதலில் வியப்பு வரும். வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர், அந்தத் தண்டனை முடிந்ததிலிருந்து ஐந்தாண்டுகளுக்குத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. ஐந்தாண்டு கழிந்ததும் தடை தானாகவே விழுந்துவிடும். யாரிடமும் மனுப் போட வேண்டாம், எந்தப் பதிவையும் அழிக்க வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். குற்ற வழக்கில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை என்று முதலில் இருந்ததை 1983 திருத்தம் எவ்வளவு காலச் சிறையானாலும் என்று இறுக்கியது. ஆனால் ஐந்தாண்டு என்ற கெடு மாறவில்லை.

பிரிவின் சொற்களை நெருங்கிப் பார்த்தால் இன்னும் சில தெரியும். அபராதம் மட்டும் விதிக்கப்பட்டவர் இந்தத் தடைக்குள் வரவே மாட்டார், ஏனென்றால் அது சிறைத்தண்டனையைத்தான் பேசுகிறது. வன்முறையோ ஒழுக்கக்கேடோ இல்லாத குற்றமும் வெளியே நிற்கும். அமைதி காப்பதற்கோ நன்னடத்தைக்கோ குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி பிணைமுறி எழுதித் தந்தவருக்கு, முறியின் காலம் முடியும்வரை மட்டுமே தடை.

பிரிட்டனின் 1968 சட்டத்தோடு ஒப்பிட்டால் இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது என்பது விளங்கும். அங்கே மூன்று மாதத்துக்கும் மூன்றாண்டுக்கும் இடைப்பட்ட சிறைத்தண்டனைக்கு விடுதலையிலிருந்து ஐந்தாண்டுத் தடை, மூன்றாண்டும் அதற்கு மேலும் என்றால் ஆயுள் தடை. அதை நீக்கக் கோரி நீதிமன்றம் போகலாம். இந்தியச் சட்டம் குற்றத்தின் கனத்தைப் பார்த்துக் கெடுவை நீட்டவில்லை. கைகலப்பில் மூன்று மாதம் உள்ளே இருந்தவருக்கும் கொலை முயற்சியில் பத்தாண்டு இருந்தவருக்கும் வெளியே வந்தபின் அதே ஐந்தாண்டுதான். இது தாராளமா, அக்கறையின்மையா என்று கேட்டால், சட்டம் எழுதியவர்கள் கடைசித் தீர்ப்பை வேறொரு கைக்கு விட்டுவைத்ததன் விளைவு என்றே தோன்றுகிறது. அந்தக் கை மாவட்ட ஆட்சியருடையது.

ஆட்சியரின் மேசை

மாநகரக் காவல் ஆணையரின் எல்லைக்கு வெளியே உரிமம் தருபவர் மாவட்ட நிர்வாக நடுவர் என்ற தகுதியில் மாவட்ட ஆட்சியர். மனு வந்ததும் காவல் நிலையத்திலிருந்து அறிக்கை கேட்பார், வருவாய்த் துறையும் பார்க்கும். பழைய தண்டனைகள் உண்டா என்று மனுப் படிவமே கேட்கிறது. உண்மையை மறைத்துப் பெற்ற உரிமத்தை 17-ஆவது பிரிவின்படி ரத்து செய்யலாம். ஆக, ஐந்தாண்டு கழிந்த தண்டனையையும் மனுதாரர் தன் கையாலேயே எழுதித் தர வேண்டும்.

எழுதியபின் என்ன நடக்கிறது? 14-ஆவது பிரிவு மறுப்பதற்கான காரணங்களை அடுக்குகிறது. சட்டத்தால் தடுக்கப்பட்டவர், சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகியோருடன், எந்தக் காரணத்தாலாவது தகுதியற்றவர் என்று அதிகாரி நம்பும் எவரும் அதில் அடக்கம். பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு என்ற காரணமும் உண்டு. 9-ஆவது பிரிவின் வாசல் வழியே வெளியே போன பழைய வழக்கு, 14-ஆவது பிரிவின் சன்னல் வழியே உள்ளே வந்துவிடுகிறது.

இதில் எந்தப் பிரிவுக்கு முதலிடம் என்பதில் இரு பார்வைகள் உண்டு. ஐந்தாண்டு என்று நாடாளுமன்றமே அளந்து தந்தபின், அதே தண்டனையை மட்டும் காட்டி ஆறாம் ஆண்டிலும் பதினாறாம் ஆண்டிலும் மறுப்பது அந்த அளவை வெறும் எழுத்தாக்கிவிடும் என்பது ஒன்று. நிலுவையில் ஒரு குற்ற வழக்கு இருக்கிறது என்பதற்காக மட்டும் உரிமத்தை ரத்து செய்யக் கூடாது, பொது அமைதிக்கு என்ன கேடு என்று காரணத்தோடு எழுத வேண்டும் என அலகாபாத் உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருப்பது இப்பார்வைக்குத் துணை. நிலுவை வழக்கே போதாது என்றால், கழிந்துபோன தண்டனை மட்டும் எப்படிப் போதும்? மற்றது இது: 9-ஆவது பிரிவு குறைந்தபட்சத் தடை, அது நீங்கியதாலேயே ஒருவர் தகுதியுடையவர் ஆகிவிட மாட்டார், மனிதரை முழுதாக எடைபோடுவதுதான் அதிகாரியின் வேலை. சட்டத்தின் சொற்கள் இரண்டாவதற்கு இடம் தருகின்றன. முதலாவதுதான் அதன் அமைப்போடு கூடுதலாகப் பொருந்துவதாக எனக்குப் படுகிறது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் தர வேண்டும் (பொதுநலன் கருதி மறைக்கலாம் என்ற விலக்கோடு) என்று அதே 14-ஆவது பிரிவு சொல்கிறது. 18-ஆவது பிரிவு மேல்முறையீடும் தருகிறது. பழைய தண்டனை என்ற ஒரு வரியே போதிய காரணம் என்றால், இத்தனை ஏற்பாடு எதற்கு?

நடைமுறையில் தீர்மானிப்பது காவல் நிலைய அறிக்கை. நீதிமன்றத் தீர்ப்புக்கு வெளியேயும் அங்கே ஒரு பதிவு வாழ்கிறது. ரவுடி லிஸ்ட் என்று மக்கள் பேச்சில் வழங்கும் பதிவேடு அது. அதில் பெயர் ஏற நீதிமன்றத் தண்டனைதான் வேண்டும் என்பதில்லை. எனவே தண்டனைப் பதிவை அழிக்கும் சட்டம் நாளையே வந்தாலும் இந்த ஏடு தனியே நிற்கும்.

அழிக்க முடியுமா

பெரியவர் ஒருவரின் தண்டனைப் பதிவைப் பொதுவாக அழித்துத் தரும் சட்டம் இந்தியாவில் இல்லை. சில வாசல்கள் மட்டும் உண்டு.

தெளிவானது சிறார்களுக்கானது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சிறாரின் குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகளை அழிக்கவும் சொல்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராக விசாரிக்கப்பட்ட 16 வயதைத் தாண்டியவருக்கு இது பொருந்தாது. துப்பாக்கி உரிமத்துக்கு வயது வரம்பு 21 என்பதால், பதினேழு வயதில் நடந்தது இருபத்தோராம் வயதின் மனுவுக்குள் நுழையக் கூடாது என்பதே சட்டத்தின் கருத்து.

அடுத்தது 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டவருக்கு, அந்தத் தண்டனைத் தீர்ப்போடு வேறு சட்டம் ஒட்டிவைக்கும் தகுதியிழப்பு எதுவும் சேராது என்கிறது 12-ஆவது பிரிவு. பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பிரிவு இது. வழக்கே நடக்காதது போல ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1990-இல் ஒரு பணிநீக்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நம்பிக்கையை மறுத்தது: நீங்குவது தகுதியிழப்பு, குற்றம் செய்தார் என்ற முடிவு நீங்குவதில்லை. துப்பாக்கி உரிமத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? 9-ஆவது பிரிவின் தடை இவரைத் தொடாது. சிறைத்தண்டனை விதிக்கப்படவில்லை என்பது ஒரு காரணம், தகுதியிழப்பு சேராது என்பது மற்றொன்று. ஆனால் 14-ஆவது பிரிவின்கீழ் அவரை எடைபோடும்போது அந்தக் குற்றம் பேசப்படலாம்.

மேல்முறையீட்டில் விடுதலையானால் தண்டனையே இல்லாமல் போகிறது. ஆயுதச் சட்டக் குற்றத்துக்காக நீதிமன்றம் உரிமத்தை ரத்து செய்திருந்தாலும், தண்டனை நீக்கப்பட்டதும் அந்த ரத்தும் செல்லாது. ஆயினும் விடுதலையிலும் தரம் பிரிக்கும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், சாட்சிகள் பிறழ்ந்ததால் வரும் விடுதலையையும் கௌரவமான விடுதலையையும் வேறுபடுத்தியது. அது பணி தொடர்பான வழக்குதான் என்றாலும் உரிம அலுவலகங்களின் சிந்தனையும் அதே தடத்தில் போவதில் வியப்பில்லை.

மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும் ஒன்றல்ல. ஒரு பழைய தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டனைக் குறைப்பு மீதிக் காலத்தை நீக்குமே தவிர நீதிமன்றம் விதித்த தண்டனையை மாற்றாது என்றது. தலைவர்களின் பிறந்தநாளையொட்டி முன்கூட்டியே விடுதலையாகும் ஆயுள் கைதிகளுக்கு இதனால் ஒரு சிக்கல் வருகிறது. ஆயுள் தண்டனை என்பது வாழ்நாள் முழுவதற்கும் என்று 1961-லேயே மற்றொரு தீர்ப்பு சொல்லிவிட்டது. அப்படியானால் 9-ஆவது பிரிவின் ஐந்தாண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது? வெளியே வந்த நாள் என்பது இயல்பான பதில், ஆனால் சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை.

கடைசி வாசல் புதியது. விசாரணை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அதற்கான சட்டமோ விதியோ இல்லாத நிலையில் ஆணையிட முடியாது என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதி அமர்வு ஏற்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. (அவர் பெயரை இந்தக் கட்டுரையும் எழுதப் போவதில்லை.) கவனிக்க வேண்டியது, இந்த வழக்கு முழுவதும் பொதுமக்கள் கண்ணில் படும் பதிவைப் பற்றியது. காவல்துறையின் கணினியில் இருப்பதைப் பற்றி அது பேசவில்லை, உரிம மனு நுழைவதோ அந்தக் கணினிக்குள்தான்.

மறுமுனையில் அமெரிக்கா

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1968 முதல், ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்கு வாழ்நாள் தடை விதிக்கிறது. எவ்வளவு காலம் விதிக்கப்பட்டது என்பதல்ல, விதிக்கத்தக்கது எவ்வளவு என்பதே கணக்கு. கூடவே ஒரு கதவும் உண்டு: தண்டனைப் பதிவு அழிக்கப்பட்டாலோ, மன்னிக்கப்பட்டாலோ, குடிமை உரிமைகள் திருப்பித் தரப்பட்டாலோ, ஆயுதத் தடை தொடரும் என்று அந்த ஆணையே சொல்லாதவரை, அது தண்டனையாகக் கருதப்படாது. பதிவை அழிப்பதற்கு அங்கே இவ்வளவு முக்கியத்துவம் வந்தது இதனால்தான். கூட்டாட்சி அரசிடம் நேரடியாக நிவாரணம் கேட்கும் வழியை நாடாளுமன்றம் 1992 முதல் நிதி ஒதுக்காமல் அடைத்து வைத்திருந்தது. 2025-இல் நீதித் துறை அதைத் திறக்கும் முயற்சியைத் தொடங்கியது.

கனடாவில் நம்மவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தண்டனைப் பதிவை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு அங்கே இருந்தாலும், நீதிமன்றம் விதித்த ஆயுதத் தடையாணை அதனால் நீங்காது.

அமெரிக்காவில் தடை நிரந்தரம், பதிவை அழிக்க வழி உண்டு. இங்கே பதிவு நிரந்தரம், தடைக்குக் கெடு உண்டு. ஆகவே அமெரிக்க முறையில் பதிவழிப்புச் சட்டம் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே எழும் கோரிக்கை, துப்பாக்கி உரிமத்தைப் பொறுத்தவரை தவறான பூட்டுக்குச் சாவி தேடுவது.

மலையின் கணக்கு

இனி நாட்டுத் துப்பாக்கிக்கு வரலாம். உரிமமில்லாமல் வைத்திருந்தால் 25-ஆவது பிரிவின்படி சிறை. ஓராண்டு முதல் மூன்றாண்டு என்று இருந்ததை 2019 திருத்தம் இரண்டு முதல் ஐந்தாண்டாக உயர்த்தியது. தக்க தனிக் காரணங்களை எழுதினால் நீதிமன்றம் குறைக்கலாம். தண்டனை பெற்றவர் 9-ஆவது பிரிவின் தடைக்குள் வருவாரா? துப்பாக்கியை வைத்திருந்தது மட்டும் வன்முறை ஆகாது. ஒழுக்கக்கேடா? பன்றியிடமிருந்து கிழங்கைக் காக்கப் பாட்டன் காலத்துத் துப்பாக்கியைக் கூரையில் செருகி வைத்திருப்பவரை ஒழுக்கங்கெட்டவர் என்று சொல்ல ஊரில் யாரும் முன்வர மாட்டார்கள். சட்டம் ஒழுக்கக்கேட்டுக்கு வரையறை தரவில்லை, வழக்கின் சூழலைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வேட்டையும் சேர்ந்திருந்தால் கணக்கு மாறும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 51-ஆவது பிரிவுப்படி தண்டிக்கும் நீதிமன்றம், குற்றத்துக்குப் பயன்பட்ட ஆயுதத்தின் உரிமத்தை ரத்து செய்து, தீர்ப்பு நாளிலிருந்து ஐந்தாண்டுக்கு அவர் உரிமம் பெறத் தகுதியற்றவர் என்றும் ஆணையிடலாம். இங்கேயும் ஐந்தாண்டுதான், ஆனால் தொடங்கும் நாள் வேறு. ஆயுதச் சட்டம் தண்டனை முடிந்த நாளிலிருந்து எண்ணுகிறது, இது தீர்ப்பு நாளிலிருந்து. முன்னது தானாக வரும், பின்னது நீதிமன்றம் சொன்னால்தான் வரும். மூன்றாண்டுச் சிறையை முழுதாக அனுபவித்தவருக்கு வனவிலங்குச் சட்டத் தடையில் வெளியே வந்தபின் மிஞ்சுவது ஏறக்குறைய இரண்டாண்டுதான். சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ வேட்டையாடியவருக்கு, 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தாலன்றி, நன்னடத்தைச் சட்டமும் கிடையாது. சேர்வராயன் மலைக் காடுகள் காப்புக்காடுகளே என்பதால் அந்தக் கதவு இங்கே முழுதாக அடைபடவில்லை.

அதே ஆயுதச் சட்டம் இந்தக் கருவிக்கு ஒரு தனி மதிப்பும் தந்திருக்கிறது என்பது பலருக்கும் தெரியாத சங்கதி. மற்றத் துப்பாக்கிகள் பலவற்றுக்கும் தகுந்த காரணம் காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு மனுச் செய்தால், 14-ஆவது பிரிவின் தடைகள் இல்லாதவரை, உரிமம் தர வேண்டும் என்கிறது 13-ஆவது பிரிவு. ஏட்டில் இதைவிட எளிய வாசல் வேறில்லை. சொத்து போதாது என்பதை மட்டும் காட்டி மறுக்கவும் கூடாது.

ஏட்டில் இருப்பது மலையேறி வரவில்லை. குடகு மலையைப் பாருங்கள். 1861-இல் மார்க் கப்பன் காலத்தில் தொடங்கிய உரிம விலக்கு இன்றும் 41-ஆவது பிரிவின்கீழ் குடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலவுரிமை உடையவர்களுக்கும் நீடிக்கிறது. 2019-இல் மத்திய அரசு அதைப் பத்தாண்டுக்கு நீட்டித்தது, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. இரண்டு மலைகளுக்கும் காப்பியும் மிளகும் காட்டெருமையும் பொது. ஆட்சியாளரோடு இருந்த நெருக்கம் மட்டும் பொது அல்ல. இந்த வேறுபாட்டுக்குக் குற்றவியல் காரணம் எதையும் யாரும் காட்டியதில்லை.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் குறைத்துச் சொல்லக் கூடாது. பயிரை அழிக்கும் விலங்கைச் சுட இன்று சட்டம் எவ்வளவு இடம் தருகிறது? காட்டெருமை முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டுப்பன்றி விஷயத்தில் கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து உரிமத் துப்பாக்கிக்காரர்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. தமிழ்நாடு 2025-இல் அறிவித்த ஏற்பாட்டில் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான். காட்டை ஒட்டியே விளைநிலம் இருக்கும் மலையூர்களுக்கு இதனால் ஒன்றும் இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் மரபு உரிமைகளை அங்கீகரிக்கும்போது வேட்டையை வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே விவசாயி கையில் துப்பாக்கி வெறும் வேட்டுச் சத்தத்துக்குத்தானே என்று கேட்கிறார்கள் வனத்துறை சார்பாகப் பேசுபவர்கள். வேட்டுச் சத்தமும் பயிர்ப் பாதுகாப்புதான் என்பது விவசாயியின் பதில்.

ஒப்படைப்பு

இந்த மலைகளில் உண்மையில் அதிகம் நடப்பது பதிவழிப்பும் இல்லை, உரிமமும் இல்லை. காவல்துறை அவ்வப்போது ஊரூராகப் போய்க் கெடு வைக்கிறது: கள்ளத் துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை. ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் பேசி, துப்பாக்கிகள் மொத்தமாக வந்து சேரும். பெயர் தெரிவிக்க விரும்பாதவர்கள் ஊர் எல்லையிலோ காட்டோரப் புதரிலோ போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், காவல்துறை எடுத்துக்கொள்ளும். பதிவை அழிப்பதைவிடப் பதிவே உருவாகாமல் பார்த்துக்கொள்வது என்ற கோணத்தில் இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு நாட்டில் குறைவு.

இதற்குச் சட்டத்தில் என்ன பிடிமானம்? மன்னிப்புத் தருகிறேன் என்று சொல்லும் பிரிவு எதுவும் ஆயுதச் சட்டத்தில் இல்லை. ஆனால் உரிமமின்மைக் குற்றத்துக்கு வழக்குத் தொடர மாவட்ட நிர்வாக நடுவரின் முன்அனுமதி வேண்டும் என்கிறது 39-ஆவது பிரிவு. அனுமதி தராவிட்டால் வழக்கு இல்லை. உரிமம் தருபவரும், மறுப்பவரும், ரத்து செய்பவரும், வழக்குக்கு அனுமதிப்பவரும் ஒரே ஆட்சியர். இந்தக் குவிப்பை அபாயம் என்று பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் ஒரு வாய்ப்பும் தெரிகிறது: சட்டத்தைத் திருத்தாமலே, ஒப்படைத்தவருக்கு 13-ஆவது பிரிவின் பயிர்ப் பாதுகாப்பு மனுவையும் அதே முகாமில் கையில் கொடுக்க ஆட்சியரால் முடியும்.

முடிவாகாதவை

ஐந்தாண்டுக் கெடு எப்போது தொடங்குகிறது, வெறும் வைத்திருத்தல் ஒழுக்கக்கேட்டில் அடங்குமா, குறைந்தபட்சத் தண்டனை விதித்திருக்கும் 25-ஆவது பிரிவுக்கு நன்னடத்தைச் சட்டம் பொருந்துமா ஆகியவை வழக்குக்கு வழக்கு வேறு பதில் பெறக்கூடியவை. கடைசியாகச் சொன்னதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. குறைக்க இடம் தரும் விதிவிலக்கு 25-ஆவது பிரிவிலேயே இருப்பதால் பொருந்தும் என்ற தரப்பு சற்று வலுவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். இணையத் தீர்ப்பில் பெயர் நீக்கும் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் கையில்.

இவற்றைவிடச் சிக்கலானது ஒப்படைப்பு. கெடு வைத்தபோது துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தவர், சில ஆண்டு கழித்துப் பயிர்ப் பாதுகாப்புக்கு முறையாக உரிமம் கேட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மீது வழக்கில்லை, தண்டனையில்லை, 9-ஆவது பிரிவு அவரைத் தொடாது. ஆனால் ஒப்படைத்தவர்கள் பட்டியல் காவல் நிலையத்தில் இருக்கலாம். ஒப்படைத்தது சட்டத்தை மதித்த நடத்தையா, இத்தனை காலம் சட்டவிரோதமாக வைத்திருந்ததற்கு அவரே தந்த ஒப்புதலா? ஆயுதச் சட்டம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எந்தக் காரணத்தாலாவது தகுதியற்றவர் என்ற 14-ஆவது பிரிவின் வாசகம் இரண்டாவது பொருளுக்கு இடம் கொடுக்கும். ஒருவர் மேல்முறையீட்டுக்குப் போய் எதிர்த்துக் கேட்டுத் தீர்ப்பு வாங்கும்வரை இது அந்தந்த ஆட்சியரின் விருப்பமாகவே இருக்கும்.